ஆசிரியர் ஒற்றர் அல்லர்

பாடசாலையிலே ஒரு பிள்ளை தன் ஆசிரியரிடம் மனந்திறந்து ஒரு சொல் சொல்கிறது. அச்சொல்லை மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் பெற்றாருக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்று ஊர்க் கல்விச்சபை ஒரு விதி செய்கிறது. அவ்வாறு அறிவிக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று மாநிலச் சட்டசபை வேறொரு விதி செய்கிறது. இவ்விரு விதிகளுக்கும் நடுவே பிள்ளை, பெற்றார், ஆசிரியர் என மூவர் நிற்கின்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த கலிபோர்னியா மாநிலத்தில் 2023ஆம் ஆண்டில் மூண்ட இப்பிணக்கைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

கடல் கடந்த நாட்டுச் சங்கதி நமக்கு எதற்கு என்று கேட்பார் உளர். காரணங்கள் இரண்டு. அங்கே குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அப்பாடசாலைகளிலேயே படிக்கின்றனர் என்பது ஒன்று. ஒருவர் தம்மை இன்னார் என உணர்ந்துகொண்டதை, அவருடைய இசைவின்றி அரசாங்க ஊழியர் பிறர்க்கு அறிவிக்கலாமா என்னும் கேள்வி, எந்த நாட்டுச் சிறுபான்மை மக்களும் அசட்டை செய்யக்கூடிய கேள்வியன்று என்பது மற்றொன்று. தம் பாலினத்தார் மீதே மனஞ்செல்லும் பிள்ளைகளும், பிறப்பிலே தமக்கென எழுதப்பட்ட பால் தமக்குரியதன்று என உணரும் பிள்ளைகளும் எல்லாச் சமூகங்களிலும் உளர். இதைப் பேசுவது நம்மவருக்குக் கூச்சம் தரலாம். நாம் கூசுவதனால் உள்ளது இல்லாமற் போய்விடாது.

முதலில் நடந்ததைச் சொல்வோம்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கே, சான் பேர்ணாடினோ கவுண்டியிலே, சீனோ என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. ஒரு காலத்திலே பாற்பண்ணைகளாற் பெயர்பெற்றிருந்த ஊர் அது. அங்குள்ள பாடசாலைகளை ஆளும் கல்விச்சபை, வாக்காளரால் தெரிவுசெய்யப்பட்ட ஐவரைக் கொண்டது. 2023 யூலை 20ஆந் திகதி, நால்வர் ஆதரிக்க ஒருவர் எதிர்க்க, அச்சபை ஒரு விதியை நிறைவேற்றியது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திற் கண்ட பாலுக்கு மாறான பாலினராகத் தன்னைக் கருதும்படியோ, வேறு பெயரால் அழைக்கும்படியோ ஒரு மாணவர் கேட்பாராயின், அதை அறிந்த மூன்று நாட்களுக்குள் பாடசாலை பெற்றாருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்பது அவ்விதியின் சாரம். முறீற்றா, ரெமேக்கியுலா முதலிய அயற் சபைகளும் அதே வழியிற் சென்றன.

மாநிலச் சட்டமா அதிபர் ரொப் பொன்ரா 2023 ஓகஸ்ட் 28ஆந் திகதி வழக்குத் தொடுத்தார். செப்ரெம்பர் 6இல் இடைக்காலத் தடை பிறந்தது. ஒக்ரோபர் 19இல் அத்தடையின் பெரும்பகுதி உறுதிசெய்யப்பட்டது. ஒரு சாராரான மாணவரை மாத்திரம் பிரித்தெடுத்து அவர்மீது இவ்விதி பாய்கிறது, ஆகவே சமத்துவத்துக்கு முரணாகிறது என்பது நீதிமன்றம் கண்ட முக்கிய குறை. சபை சும்மா இருக்கவில்லை. பால் என்னும் சொல்லையே நீக்கிவிட்டு, மாணவர் பற்றிய பதிவுகளில் எந்த மாற்றம் கோரப்பட்டாலும் பெற்றாருக்கு அறிவிக்கவேண்டும் என 2024 மார்ச்சில் விதியைத் திருத்தி எழுதிக்கொண்டது.

அதன் பின்னரே சட்டசபை தலையிட்டது. சட்டசபை மசோதா 1955 என்னும் இலக்கமுடைய மசோதாவில் ஆளுநர் கவின் நியூசம் 2024 யூலை 15ஆந் திகதி ஒப்பமிட்டார். 2025 சனவரி முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. மாணவரின் பாலடையாளத்தையோ பாலீர்ப்பையோ அம்மாணவரின் இசைவின்றிப் பிறருக்கு வெளியிடும்படி பாடசாலை ஊழியரைக் கட்டாயப்படுத்தும் விதி எதையும் கல்விச்சபைகள் இயற்றலாகாது என்பதே அதன் உயிர்நிலை. வேறு சட்டம் வெளியிடச் சொல்லும் இடங்களுக்கு அது விலக்கு அளித்தது. அமெரிக்க மாநிலங்களுள் இத்தகைய சட்டத்தை முதன்முதல் இயற்றியது கலிபோர்னியாவே. ஒப்பமிட்ட மறுநாளே சீனோ சபை வழக்குத் தொடுத்தது. அதே நாளில், பெருஞ்செல்வர் ஈலோன் மஸ்க் இச்சட்டத்தைக் காரணங்காட்டித் தம் கொம்பனிகளின் தலைமையகங்களை ரெக்சாஸ் மாநிலத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்.

வேறு மாநிலங்கள் எதிர்த்திசையிற் சென்றுள்ளன. மாணவர் தம் பாலைப்பற்றி மாறாக உணர்வதைப் பெற்றாருக்கு மறைக்கலாகாது என அலபாமா 2022இல் விதித்தது. இந்தியானா, அயோவா, வட கரோலினா ஆகியவை 2023இல், பெயர் மாற்றம் போன்ற கோரிக்கைகளைப் பெற்றாருக்கு அறிவிக்கவேண்டும் எனச் சட்டம் இயற்றின. இவ்வாறு, ஒரு மாநிலத்தில் ஆசிரியரின் கடமையென எழுதப்பட்டது, எல்லை கடந்த மறு மாநிலத்தில் எவரும் அவர்மீது சுமத்தக்கூடாத பாரமென எழுதப்பட்டது.

நிற்க. பெற்றாரின் கட்சியை அதன் முழு வலிமையோடும் எடுத்துரைத்தல் நம் கடமை. மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசைப்படுத்தி வைத்த இனம் நாம். அவ்வரிசையிலே குரு மூன்றாமிடத்திலேயே நிற்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இரவிரவாக விழித்திருப்பவள் தாய். வயலை ஈடுவைத்துப் படிப்பிப்பவர் தகப்பனார். காலை எட்டு மணிக்கு வரும் பிள்ளையைப் பிற்பகலில் அனுப்பிவிடும் பாடசாலை, அப்பிள்ளையின் வாழ்விலே நிகழும் பெரியதொரு மாற்றத்தைப் பெற்றவர்களுக்கு மறைப்பதா? பாடசாலையில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று பிள்ளை இரண்டு வாழ்வு வாழ, அதற்கு அரசாங்கமே திரை பிடிப்பதா? இக்கேள்விகள் அற்பமானவை அல்ல. இவற்றைக் கேட்பவர் யாவரும் மூடர் என்றோ கொடியர் என்றோ பேசுவார் பேச்சை நாம் ஒப்புக்கொள்ளோம்.

அமெரிக்க நீதிமன்றங்களிலும் பெற்றாரின் கை வலுத்து வருகிறது. மேரிலாந்து மாநிலத்து மொன்கொமரி கவுண்டியில், தன்பாலீர்ப்பினரும் திருநரும் வரும் கதைப் புத்தகங்களைப் படிப்பிக்கும் வேளைகளில் தம் பிள்ளைகளை விலக்கிக்கொள்ள, சமய நம்பிக்கையின் பேரிற் பெற்றாருக்கு உரிமையுண்டு என 2025 யூன் 27இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்த்தது. கலிபோர்னியாவின் எஸ்கொண்டிடோ நகரில், பெற்றாரிடம் உண்மையை மறைக்கும்படி தம்மைப் பணிக்கிறார்கள் என்று ஆசிரியைகள் இருவர் 2023இல் தொடுத்த வழக்கிலே பெற்றாரும் பின்னர் சேர்ந்துகொண்டனர். 2025 டிசெம்பரில் சமஷ்டி நீதிபதி றோஜர் பெனிற்றஸ் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அதன்பின் வழக்கு மேல்நீதிமன்றங்களின் படிகளில் ஏறியது. தீர்ப்புகள் வரும், மாறும். தீர்ப்பு எவர் பக்கம் சாய்ந்தாலும் மூலக் கேள்வி அப்படியே நிற்கும்; ஆகவே அதைத் தத்துவத்தில் வைத்து ஆராய்வோம்.

பெற்றாரின் உரிமைக்கு அந்நாட்டிலே வேர் எங்கே இருக்கிறது? தமிழர் அறிந்து மகிழத்தக்க இடத்தில் இருக்கிறது. ஒரு மொழி வழக்கிலே இருக்கிறது! முதலாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, 1919இல், நெப்ராஸ்கா மாநிலம் சிறு பிள்ளைகளுக்கு ஆங்கிலந் தவிர்ந்த மொழிகளைக் கற்பித்தலைக் குற்றமாக்கியது. ஜெர்மானியர் குடியேறிய ஊரொன்றிலே, மேயர் என்னும் ஆசிரியர் பத்து வயதுப் பிள்ளையொன்றுக்கு ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்பித்தமைக்காக 25 டொலர் தண்டம் விதிக்கப்பட்டார். 1923இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. தம் பிள்ளை எதைக் கற்கவேண்டும் என்பதில் பெற்றாருக்கும், அதைக் கற்பிப்பதில் ஆசிரியருக்கும் அரசு பறிக்கமுடியாத உரிமையுண்டு என்பது அதன் கருத்து. எல்லாப் பிள்ளைகளும் அரசாங்கப் பாடசாலைக்கே போகவேண்டும் என்ற ஓறிகன் மாநிலச் சட்டத்தையும் அதே நீதிமன்றம் 1925இல் தள்ளியது.

இவ்விரு தீர்ப்புகளையும் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். அங்கே வீட்டு வாசலில் வந்து நின்றது அரசு. பிள்ளையின் மொழியை அழிக்க வந்த அரசின் கையைத் தடுக்கும் கேடயமாகவே பெற்றாரின் உரிமை பிறந்தது. அக்கேடயத்தைப் பெற்றாரும், பிள்ளையும், ஆசிரியரும் ஒன்றாகப் பிடித்து நின்றனர். சீனோ சபையின் விதியோ வேறு. அரசின் சம்பளம் பெறும் ஊழியரை, ஒரு பிள்ளையின் சொல்லையும் செயலையும் கவனித்து, குறித்து, அறிக்கை செய்யும்படி அது ஏவியது. அரசைத் தடுக்கப் பிறந்த உரிமையை, அரசின் கண்ணைப் பிள்ளைமீது திருப்பும் உரிமையாக மாற்றிவிட முடியுமா? முடியாது என்பதே எமது கருத்து.

பாடசாலைப் பதிவேடுகளைப் பார்வையிடப் பெற்றாருக்கு 1974ஆம் ஆண்டின் சமஷ்டிச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. மாணவருக்குப் பதினெட்டு வயது நிரம்பும்வரை அவ்வுரிமை பெற்றாரிடமே உண்டு. கலிபோர்னியா இதை மீறுகிறதா என 2025 மார்ச்சில் சமஷ்டிக் கல்வித் திணைக்களம் விசாரணை தொடங்கியது. பதிவேட்டைக் காட்டும்படி பெற்றார் கேட்டால் காட்டவேண்டியதே. அதில் எமக்கு மாறுபாடில்லை. ஆனால் ஏட்டில் எழுதப்பட்டதைப் பார்க்கும் உரிமை வேறு. ஒரு பிள்ளை நெஞ்சு நடுங்க ஒருவரிடம் சொன்ன சொல்லை, மற்றொருவர் கேளாமலே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்ற கட்டளை வேறு.

அந்தரங்கத்தைக் காக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டா என்று வினவுவோருக்குக் கலிபோர்னியாவின் அரசியற் சட்டமே விடை கூறும். 1972இல் அம்மாநில மக்கள் வாக்களித்து, அந்தரங்கத்தை மனிதரின் பிறப்புரிமைகளுள் ஒன்றாக அச்சட்டத்தின் முதற் பிரிவிலேயே சேர்த்தனர். அவ்வுரிமை வயது வராதோரையும் சாரும் என அம்மாநில உயர் நீதிமன்றம் 1997இல் தீர்த்திருக்கிறது.

அதே 1997இல் பென்சில்வேனியா மாநிலத்தின் மைனேர்ஸ்வில் என்னும் சிற்றூரில் நடந்ததொன்றை இங்கே கூறாதிருக்க முடியாது. பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் தன் நண்பனோடு காரில் இருக்கக் கண்ட பொலிசார், இருவரையும் நிலையத்துக்குக் கொண்டுசென்றனர். அவன் தன்பாலீர்ப்புடையவன் என்பதை அவனே பேரனாரிடம் சொல்லவேண்டும், இன்றேல் தாம் சொல்வோம் என்று ஓர் அதிகாரி அச்சுறுத்தினார். வீடு சென்ற அவ்விளைஞன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். தாயார் வழக்காடினார். பாலீர்ப்பு மனிதரின் மிக அந்தரங்கமான விடயம். அதை வெளியிடுவோம் என்ற அச்சுறுத்தலே அரசியற் சட்டம் காக்கும் உரிமையை மீறுவதாகும் என 2000ஆம் ஆண்டில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அவன் சட்டப்படி வயது வந்தவன். ஆதலால் அத்தீர்ப்பு சிறுவருக்கு அப்படியே பொருந்தாது எனில், அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பதினெட்டு வயதினனால் தாங்கமுடியாத பாரத்தைப் பதினான்கு வயதுப் பிள்ளை தாங்கும் என்று சொல்ல எவருக்கு மனம் வரும்?

பெரும்பாலான பெற்றார் தம் பிள்ளையை அடித்துத் துரத்துவோர் அல்லர். செய்தியைக் கேட்டு அழுவர், கோபிப்பர், ஈற்றில் அணைத்துக்கொள்வர். ஆயினும் சட்டம் பெரும்பாலாருக்காக மாத்திரம் எழுதப்படுவதன்று. எந்த வீட்டிலே பிள்ளைக்கு அடியும், பட்டினியும், தெருவும் காத்திருக்கின்றன என்பதை ஆசிரியர் அறியார், பிள்ளை அறியும். யாரிடம், எப்போது சொல்லலாம் என்ற தீர்ப்பைப் பிள்ளையிடமே விடவேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான நியாயம் வேண்டுவதில்லை. மேலும், ஆசிரியரிடம் சொன்னால் மூன்றாம் நாள் கடிதம் வீட்டுக்குப் போகும் என்று அறிந்த பிள்ளை, எவரிடமும் சொல்லாது. அறிவித்தலைக் கட்டாயமாக்கும் விதியினாற் பெற்றார் அதிகம் அறியப்போவதில்லை. பிள்ளையின் துயரை அறிந்த ஒரே பெரியவரும் அறியாதவராவார். நாற்று வேரூன்றியதா என்று நாள்தோறும் பிடுங்கிப் பார்ப்பவனுக்கு விளைச்சல் ஏது?

இவ்வளவு கூறியதால், கலிபோர்னியாச் சட்டம் குறையற்றது என்று நாம் கொள்ளவில்லை. சொல்லும்படி கட்டாயப்படுத்தாதிருத்தல் வேறு. மறைக்கும்படி கட்டாயப்படுத்துதல் வேறு. முன்னையது நியாயம். பின்னையது, ஒற்றராயிருக்க மறுத்த ஆசிரியரைப் பொய்யராக்குவதாகும். தாய் நேரில் வந்து கேட்கும்போது முகத்தைப் பார்த்துப் பொய்யுரைக்கும்படி எந்தச் சபையும் ஓர் ஆசிரியரைப் பணிக்கலாகாது. அன்றியும், ஆறு வயதுப் பிள்ளையையும் பதினாறு வயது மாணவரையும் சட்டம் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று. வயதுக்கும் அறிவுக்கும் ஏற்ற வேறுபாடு வேண்டும்.

ஆகவே எமது நிலையைத் தெளிவாகக் கூறுகிறோம். முதலாவது, பிள்ளையின் அந்தரங்கத்தை வேவு பார்த்து அறிவிக்கும் கடமை எந்த ஆசிரியர் மீதும் சுமத்தப்படலாகாது. இரண்டாவது, கேட்கும் பெற்றாருக்குப் பொய் சொல்லும் கடமையும் சுமத்தப்படலாகாது. "உங்கள் பிள்ளையோடு இருந்து பேசுங்கள், வேண்டுமாயின் நானும் உடனிருக்கிறேன்" என்பதே ஆசிரியர் சொல்லத்தக்க விடை. மூன்றாவது, பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேருமெனக் கண்டால் இரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை; காக்கக்கூடியவருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். நான்காவது, பெற்றாரைப் பகைவராகக் கருதாது, அவர்களுக்கு அறிவும் ஆறுதலும் கொடுக்கும் ஏற்பாட்டைப் பாடசாலையே செய்தல் வேண்டும். கலிபோர்னியாச் சட்டமும் இவ்விதமான உதவிகளைக் குடும்பங்களுக்கு ஆயத்தப்படுத்தும்படி கல்வித் திணைக்களத்தைப் பணித்திருக்கிறது. எதிர்ப்பாளரும் ஆதரவாளரும் அதிகம் பேசாத அப்பகுதியே அதன் சிறந்த பகுதி என்போம்.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை வெள்ளையர் 1883இல் இயற்றியது. அதன் 365அ பிரிவு, ஒரு பாலினத்தார் இருவரின் அந்தரங்க உறவைக் குற்றமெனக் கூறுவது. 1995இல் அதைத் திருத்தியபோது நீக்கவில்லை. பெண்களையும் உள்ளடக்கி அகலமாக்கினர். அதை ஒழிக்கவந்த தனியார் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் 2024 செப்ரெம்பரிற் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அம்மசோதா நிறைவேறாமலே போயிற்று. அத்தகைய சட்டத்தின் நிழலிலே வளரும் பிள்ளையின் இரகசியம், கலிபோர்னியாப் பிள்ளையின் இரகசியத்திலும் பன்மடங்கு பாரமானது என்பதை நம் ஆசிரியப் பெருமக்கள் சிந்திப்பார்களாக.

ஒருவர் இன்னார் என்று அரசாங்க ஏட்டில் எழுதப்பட்ட எழுத்து, தகாதவர் கையிற் சேர்ந்தால் என்னவாகும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1983 யூலையிலே வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் வீடு வீடாக வந்தவர்களை நாம் மறக்கவில்லை. அன்று எரிந்த வீடுகளும் இன்று ஒரு பிள்ளையின் மனவேதனையும் ஒன்றென்று நாம் கூறவில்லை. அடையாளத்தை வெளியிடுவது சிறு காரியமென்று மட்டும் தமிழராகிய நாம் சொல்லலாகாது என்கிறோம்.

பெற்றாரையும் பிள்ளையையும் ஒருங்கே காக்கும் வழி உண்டா? உண்டு என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் சான்று. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இளம்பெண்கள் இருவர் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கோரினர். பெற்றாரோ காணவில்லையெனப் பொலிசில் முறையிட்டிருந்தனர். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவசரப்பட்டுத் தீர்க்கவில்லை. இரு சாராரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். இவ்விடயத்தில் தம் அறிவும் போதாதென வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தாமும் சென்று கற்றுக்கொண்டார். அதன் பின்னரே 2021 யூன் 7ஆந் திகதி அப்பெண்களுக்குப் பாதுகாப்பளித்துக் கட்டளை பிறப்பித்தார். இத்தகையோரை இழிவின்றிக் குறிக்கத் தமிழ்ச் சொற்கள் வேண்டுமென்ற முயற்சியும் அவ்வழக்கின் வழியே எழுந்தது. தமிழ்நாட்டரசு 2022இல் அச்சொற்களின் அட்டவணையை வெளியிட்டது. நீதிபதியே மாணவரானார் எனில், தகப்பனார் ஒருவர் மாணவராவதில் என்ன குறைவு?

பெற்றாராகிய பெரியோரே! பிள்ளை முதலில் உங்களிடம் வராது ஆசிரியரிடம் போயிற்று என்றால், ஆசிரியர்மீது வழக்கு வைக்குமுன் ஒரு நாழிகை தனித்திருந்து யோசியுங்கள். அயல்வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஊர் பேசியபோது நீங்கள் சாப்பாட்டு வேளையில் என்ன சொன்னீர்கள் என்பதை உங்கள் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தது. அன்று நீங்கள் சொன்ன சொல்லே இன்று அதன் வாயை அடைத்திருக்கலாம். அந்த அடைப்பை நீக்க எந்தக் கல்விச்சபையின் கடிதத்தாலும் இயலாது. உங்களால் மட்டுமே இயலும். அதற்குரிய காலத்தைப் பிள்ளைக்கும் உங்களுக்கும் விட்டுக்கொடுப்பதே நல்ல சட்டத்தின் இலக்கணம்.